நிறுத்தல, மெதுவா எழுதறேன்

போன வாரம் நாத்தனார் ஃபோன் பண்ணப்போ பேச்சுவாக்குல கேட்டா, "ஏன் அண்ணி, எழுதறத விட்டுட்டீங்களா?"ன்னு. இல்லம்மான்னு சொல்லிட்டேன், ஆனா ஃபோன வச்சப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ராத்திரி பாத்திரம் எல்லாம் கழுவி கவுத்துட்டு வந்து உக்காந்து, என் வலைப்பதிவுல ஓரமா வருஷ வாரியா இருக்குமே அந்த லிஸ்ட்ட பாத்தேன். 2007ல 143 பதிவு. 2008ல 118. அப்புறம் எறங்கிட்டே வந்து 2012ல 31. 2019ல ஒண்ணே ஒண்ணு. போன வருஷம் 6. பாக்கறவங்களுக்கு வெறகு தீந்து போன அடுப்பு மாதிரி தான் தெரியும். எனக்கு அப்படி தெரியல. ஏன் தெரியலன்னு ரெண்டு நாளா யோசிச்சிட்டு தான் இத எழுத உக்காந்தேன்.

ஆரம்பிச்சது 2006 கடைசியில. அப்போ எனக்கு கல்யாணம் ஆகல, ராணிப்பேட்டையில ஒரு ஷூ கம்பெனியில அக்கவுண்ட்ஸ்ல வேலை. குடியாத்தத்துல இருந்து தெனம் போய்ட்டு வர்றது கஷ்டம்னு வேலூர்ல தோட்டப்பாளையத்துல லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கியிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸ விட்டு எறங்கினா நேரா ப்ரௌசிங் சென்டர், ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபா. அங்க எந்த சிஸ்டத்துலயும் தமிழ் அடிக்க முடியாது, ஓனர் அண்ணன்கிட்ட ஒரு வாரம் கெஞ்சி மூணாம் நம்பர் சிஸ்டத்துல மட்டும் தமிழ் அடிக்கற சாஃப்ட்வேர் இ-கலப்பைய போட வச்சேன். அதுக்கப்புறம் அந்த அண்ணன் ஏழு மணிக்கு யாராவது அந்த சீட்டுல உக்கார வந்தா "அது தமிழ் சிஸ்டம், அந்த பொண்ணு வரும்"னு சொல்லி வேற சீட்டுக்கு அனுப்பிடுவாராம். இத அவர் என்கிட்ட சொல்லவேயில்ல, பின்னாடி தான் வேற யாரோ சொன்னாங்க. இன்னிக்கு ஃபோன்ல வாயால பேசினாலே தமிழ்ல எழுத்தா வந்து விழுது, அப்போ ஒரு "ஸ்ரீ" போடறதுக்கு எந்த கட்டைய அழுத்தணும்னு ஒரு தாள்ல எழுதி பர்ஸ்ல வச்சிருப்பேன். ஃபயர்ஃபாக்ஸ்ல தொறந்தா, பத்திய ரெண்டு ஓரமும் சமமா இருக்கிற மாதிரி வச்சிருந்தா, கொம்பு தனியா கால் தனியா எழுத்தெல்லாம் உடைஞ்சு தெரியும், "உங்க பதிவு நெருப்புநரியில படிக்க முடியல, இடது பக்கம் மட்டும் ஒழுங்கு பண்ணுங்க"ன்னு முகம் தெரியாத ஒருத்தர் பொறுமையா எனக்கு மெயில் போட்டு சொல்லிக் குடுத்தார். அந்த மாதிரி ஆளுங்களால தான் நாங்கல்லாம் எழுதினோம்.

எழுதி போட்டதும், எல்லாரோட பதிவையும் ஒரே எடத்துல திரட்டி காட்டின தமிழ்மணம் தளத்துல சேத்துட்டு, முகப்புல நம்ம பேர் வருதான்னு பாக்கறது. யாராவது பின்னூட்டம் போட்டா பதிவு மறுபடி மேல வரும், அதனால ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா நன்றி சொல்லுவேன், பத்து பேருக்கும் சேத்து ஒரே தடவையா சொல்லிட்டா ஒரு தடவை தான் மேல வரும்னு கணக்கு. அந்த 143 பதிவுல பாதி இப்படி வந்தது தான். சினிமா, கிரிக்கெட், விலைவாசி, எவனோ ஒருத்தன் எங்கயோ எழுதினதுக்கு பதில், அந்த பதிலுக்கு வந்த பதிலுக்கு பதில். எனக்கு தெரிஞ்ச விஷயமா இல்லையான்னு பாக்கறது கெடையாது. பதில் வரணும், அவ்ளோ தான். அந்த வயசுல, அந்த ஹாஸ்டல் ரூம்ல, சிங்கப்பூர்ல இருந்தும் துபாய்ல இருந்தும் யாரோ நாலு பேர் "நல்லா எழுதறீங்க சகோதரி"ன்னு சொன்னது எனக்கு எவ்ளோ பெரிய தெம்புன்னு இப்ப நெனச்சாலும் மனசு நெறையுது. அத குறைச்சு சொல்ல மாட்டேன்.

ஆனா அப்போ ஒரு தப்பு பண்ணேன். எங்க ஊர் பெருமைய எழுதறேன்னு, காமராஜர் பொதுத் தேர்தல்ல குடியாத்தத்துல நின்னு ஜெயிச்சு முதலமைச்சர் ஆனார்னு எழுதிட்டேன். ஒரு பெரியவர் வந்து ரெண்டே வரி எழுதினார், அவர் முதலமைச்சர் ஆனப்புறம் தான்மா குடியாத்தத்துல நின்னார், 1954ல, அது இடைத்தேர்தல்னு. எங்க ஊரு கதை, நான் பொறந்து வளந்த ஊரு, ஒரு ஃபோன் போட்டு அப்பாகிட்ட கேட்டிருந்தா போதும், கேக்கல. உடனே திருத்திட்டேன். ஆனா அதுக்குள்ள அத அப்படியே எடுத்து வேற ரெண்டு பேர் போட்டுட்டாங்க, அத என்னால திருத்த முடியல.

அதவிட பெரிய பாடம் அப்பாகிட்ட தான் கெடைச்சுது.

அப்பா கைத்தறி நெசவாளி. குடியாத்தத்துல எங்க தெருவுல முக்காவாசி வீட்ல அப்போ குழித்தறி இருந்துது, லுங்கி நெய்வாங்க. வீட்டுக்குள்ள நொழைஞ்சதும் தறி தான், அதத் தாண்டி தான் சமையல்கட்டு. நாங்க பசங்க ஸ்கூல் விட்டு வந்ததும் தார் சுத்துவோம், அதாவது குறுக்கு நூல சின்ன குச்சியில சுத்தறது, நூறு தார் சுத்தினா தான் வெளையாட வெளிய போலாம்னு அம்மா கணக்கு வச்சிருப்பாங்க. 2008 பொங்கலுக்கு ஊருக்கு போய்ட்டு வந்து அப்பாவோட தறிய பத்தி ஒரு நீளமான பதிவு எழுதினேன். குறுக்கு நூல இழுத்துட்டு நாடா போற சத்தம், விடிகாலையில தெருவ அடைச்சு பாவு, அதான் நீளவாட்டு நூல், விரிச்சு கஞ்சி போடறது, வெயில் ஏறறதுக்குள்ள முடிக்கணும்னு பெரியவங்க படற அவசரம், மழை தூறினா மொத்த பாவும் போச்சுன்னு பதறறது, எல்லாம் எழுதியிருந்தேன். 94 பின்னூட்டம் வந்துது. கண்ணுல தண்ணி வந்துடுச்சுன்னு எழுதினவங்களே பத்து பேர் இருப்பாங்க. எனக்கு தலகால் புரியல. கம்பெனியில ப்ரிண்ட் எடுத்து, அடுத்த ஞாயித்துக்கெழம காட்பாடியில ரயில் ஏறி ஊருக்கு கொண்டு போய் அப்பாகிட்ட படிச்சு காட்டினேன்.

அப்பா தறிக்குழியில கால தொங்க போட்டு உக்காந்தபடியே கேட்டார். முழுசா கேட்டார். நடுவுல ஒரு வார்த்தை பேசல. முடிச்சப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு சொன்னார், "எல்லாம் நல்லா தான் கீதும்மா. ஆனா பாவு பிணைக்கிறத மட்டும் இன்னாத்துக்கு முடிச்சு போடறதுன்னு எழுதிகீற? முடிச்சு போட்டா அச்சுல தடுக்காதா?"

அச்சுன்னா இழை எல்லாம் நுழைஞ்சு போற சீப்பு மாதிரி சட்டம். பழைய பாவு தீந்து புதுப் பாவு ஏத்தறப்போ, பழைய இழை ஒவ்வொண்ணோடயும் புது இழைய சேக்கணும். ஒரு லுங்கி அகலத்துக்கு ரெண்டாயிரத்துக்கும் மேல இழை வரும். சின்ன வயசுல இருந்து அத ஆயிரம் தடவை பாத்திருக்கேன். முடிச்சுன்னு தான் நெனச்சிட்டு இருந்தேன். அப்பா என் கைய புடிச்சு பக்கத்துல உக்கார வச்சார். ஒரு கொட்டாங்குச்சியில கொஞ்சம் சாம்பல் வச்சிருப்பார், அதுல கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தொட்டுகிட்டார். ரெண்டு இழையோட நுனிய ஒண்ணா வச்சு ஒரே ஒரு உருட்டு, உருட்டினத அப்படியே மடிச்சு இழையோட சேத்து இன்னொரு உருட்டு. அவ்ளோ தான். கண்ணு மூடி தொறக்கறதுக்குள்ள முடிஞ்சுது. இழுத்து பாருன்னார், இழுத்தேன், வரல. தடவி பாருன்னார், விரலுக்கு எதுவுமே தட்டல. "இது முடிச்சு இல்ல, திரிக்கிறது. திரிச்சா தான் விழுதுலயும் போவும், அச்சுலயும் போவும்"னார். விழுதுன்னா இழைய ஏத்தி எறக்கற நூல் வளையம். என்னையும் செய்ய சொன்னார். பதினைஞ்சு தடவை செஞ்சிருப்பேன், ஒண்ணு கூட நிக்கல.

94 பேர் கண்ணுல தண்ணி வர்ற மாதிரி எழுதியிருக்கேன், ஆனா தறிக்காரன் ஒருத்தன் படிச்சா முதல் கேள்வியே இந்த பொண்ணுக்கு தறி தெரியுமான்னு தான் வரும். ரயில்ல திரும்பி வரும்போது வழி பூரா இதே நெனப்பு. அன்னிக்கே நான் மாறிட்டேன்னு சொன்னா பொய். அதுக்கப்புறமும் ரெண்டு மூணு வருஷம் பழைய மாதிரி தான் கண்டதையும் எழுதிட்டு இருந்தேன். ஆனா அந்த சாம்பல் தொட்ட விரல் உள்ள எங்கயோ இருந்துட்டே இருந்துது.

2009ல கல்யாணம், சத்துவாச்சாரிக்கு வந்தேன். 2011ல பாப்பா பொறந்தா. வேலைய விட்டேன், அப்புறம் மறுபடி சேந்தேன், அதெல்லாம் எல்லா வீட்லயும் நடக்கறது தான். எழுத நேரம் கெடைக்கறது அவ தூங்கினப்புறம். மாமியார் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா பதினோரு மணிக்கு லைட் எரிஞ்சா கதவுகிட்ட வந்து ஒரு தடவை நின்னு பாத்துட்டு போவாங்க. அந்த ராத்திரிங்கள்ல எதை பத்தி எழுதுவேன், பாப்பாவ பத்தி தான். அவ பேசின மொத வார்த்தை, அவ ரசத்த தள்ளி விட்டது, ஸ்கூல்ல மொத நாள் அழுதது, டீச்சர்கிட்ட என்ன சொன்னா, ராத்திரி படுக்கைய நனைச்சுட்டு பாட்டி மேல பழிய போட்டது. எல்லாருக்கும் அது ரொம்ப புடிச்சுது. "குட்டி இளவரசி எப்படி இருக்கா"ன்னு கேட்டு மெயில் வரும். அவளுக்குன்னு நான் வச்ச செல்லப் பேர் அவ முகமே பாக்காத இருநூறு பேருக்கு தெரியும்.

2023ல, அவளுக்கு 12 வயசு. ஒரு நாள் ஸ்கூல்ல இருந்து வந்து பைய கூட கழட்டாம சமையல்கட்டு வாசல்ல நின்னா. கூடப் படிக்கற பொண்ணோட அம்மா என் எழுத்த ரொம்ப நாளா படிக்கறவங்களாம், வீட்ல பேசியிருக்காங்க, அந்த பொண்ணு தேடி எடுத்து க்ளாஸ்ல நாலு பேருக்கு காட்டிடுச்சு. படுக்கைய நனைச்ச கதை. அவ கத்தல, அழல. "அது என்னோட விஷயம் தானேம்மா, நீ ஏன் சொன்ன?"ன்னு மட்டும் கேட்டா. என்கிட்ட பதில் இல்ல. சின்ன வயசுல நடந்தது தானே கண்ணு, எல்லா கொழந்தையும் பண்றது தானேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துது, சொல்லல, நல்ல வேளை. நான் எதுவும் பேசாம அடுப்ப அணைச்சுட்டு வந்து அவ பக்கத்துல உக்காந்தேன்.

அன்னிக்கு ராத்திரி அவளையே பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொண்ணா தொறந்தோம். 61 பதிவு இருந்துது. எதை வைக்கலாம், எதை எடுக்கணும்னு அவ தான் முடிவு பண்ணா. 57ஐ எடுத்துட்டோம். சிலத படிச்சு அவளே சிரிச்சா, ஆனா இதுவும் வேணாம்மான்னா. நாலே நாலு வச்சுக்க சொன்னா, நாலுலயும் அவ தாத்தா இருக்கார். எடுத்தத அழிக்கல, ப்ரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணி அவ பீரோவுல அவகிட்டயே குடுத்துட்டேன். அது அவளோடது. இப்ப யாராவது சின்ன கொழந்தைய வச்சிகிட்டு அது செய்யறத எல்லாம் எழுதி போடறத பாத்தா எனக்கு பதைக்குது, அவங்கள குத்தம் சொல்ல எனக்கு தகுதி இல்ல, ஆனா சொல்லாம இருக்கவும் முடியல. எழுதுங்க, நோட்டுல எழுதுங்க, அந்த கொழந்தை வளந்து வந்து கேக்கறப்போ குடுக்கலாம்.

நடுவுல இன்னும் சிலது நடந்துது. 2013 ஜூலையில, பல வலைப்பதிவ ஒரே எடத்துல படிக்க வச்ச கூகுள் ரீடர மூடினாங்க, அதுல தான் நாங்க பாதி பேர் ஒருத்தர ஒருத்தர் படிச்சிட்டு இருந்தோம். ஏற்கனவே எல்லாரும் ஃபேஸ்புக் பக்கம் நகந்துட்டு இருந்தாங்க, அதோட மொத்தமா போய்ட்டாங்க. நானும் போய் ஒரு வருஷம் இருந்து பாத்தேன். காலையில எழுதினது சாயங்காலம் தேடினா கெடைக்காது, எனக்கு அது ஒத்து வரல. இன்னொண்ணு, இத சொல்லும்போது இன்னிக்கும் வயிறு எரியுது. அப்பாவோட தறிய எடுத்த ஃபோட்டோ 40க்கு மேல ஒரு இலவச தளத்துல ஏத்தி வச்சிட்டு அங்க இருந்து பதிவுல காட்டிட்டு இருந்தேன். அவங்க ஒரு நாள் கடைய கட்டிட்டாங்க. முன்னாடியே மெயில் அனுப்பியிருக்காங்க, அது நான் பாக்காம விட்டுட்ட பழைய கம்பெனி மெயிலுக்கு போயிருக்கு. பதிவுல போட்டோ இருந்த எடம் எல்லாம் வெறும் கட்டமா நிக்குது. வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்த காப்பி அதுக்கு முன்னாடியே ஹார்ட் டிஸ்க்கோட போய்டுச்சு. அதுல ஒரு ஃபோட்டோவுல அப்பா திரும்பி பாத்து சிரிப்பார், காமிராவுக்கு சிரிக்கற ஆளே இல்ல அவர். இப்ப மாசம் ஒரு தடவை மொத்தத்தையும் பேக்கப் எடுத்து ரெண்டு பென் டிரைவ்ல போட்டு, ஒண்ணு இங்க, ஒண்ணு குடியாத்தத்துல அம்மாகிட்ட அரிசி டப்பாவுக்கு பக்கத்துல.

பாலாத்துல தண்ணி வந்தத சொல்லணும். வேலூர பத்தி தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டைன்னு ஒரு வசனம் சொல்லுவாங்க இல்ல, அதுல தண்ணி இல்லாத ஆறு இதான். 2015 நவம்பர்ல தண்ணி வந்தப்போ ஊரே பாலத்து மேல நின்னுது. நானும் போனேன், நிக்கும்போதே மனசுக்குள்ள மொத வரி ஓடிட்டு இருந்துது, வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்துல எழுதி போட்டேன். 2021 நவம்பர்ல அதவிட பெரிய வெள்ளம். அந்தப் பக்கம் மோர்தானா அணை நிரம்பி கவுண்டன்யா ஆத்துலயும் வெள்ளம், குடியாத்தத்துக்குள்ள ஆத்தோரம் தண்ணி, அம்மா அங்க தனியா. ரெண்டு நாள் ஃபோனும் கையுமா இருந்தோம், எங்க வீட்டுக்காரர் பைக் எடுத்துட்டு பள்ளிகொண்டா வழியா போய் கூட்டிட்டு வந்தார். எழுதணும்னு ஒரு நிமிஷம் கூட தோணல. ஆறு மாசம் கழிச்சு அம்மா சாவகாசமா உக்காந்து, எந்தெந்த வீட்ல எவ்ளோ ஒசரத்துக்கு தண்ணி நின்னுது, யார் யாரு வீட்டு தறிக்குழியில சேறு நெரம்பிச்சுன்னு சொன்னப்போ தான் எழுதினேன். 2015ல எழுதினதுல பூராவும் நான் தான் இருக்கேன், என்னோட சந்தோஷம், என்னோட சின்ன வயசு ஞாபகம். ரெண்டாவதுல நான் இல்லவேயில்ல. எனக்கு ரெண்டாவது தான் நல்லா வந்திருக்குன்னு தோணுது. அதுக்கு வந்த பின்னூட்டம் மூணு. ஒண்ணு எங்க தெருவுல இருந்து பெங்களூர் போய் செட்டிலான பையன், "எங்க வீட்டு குழி பேரு விட்டு போச்சுக்கா"ன்னு எழுதியிருந்தான். சேத்துட்டேன்.

அப்பா 2019ல போய்ட்டார். அந்த வருஷத்து ஒரு பதிவு அது தான்.

அதுக்கப்புறம் எனக்கு எது முக்கியம்னு தானா தெளிஞ்சுது. எங்க தெருவுல இப்ப கைத்தறி மூணு வீட்ல தான் இருக்கு, மத்த எடத்துல எல்லாம் விசைத்தறி, இல்லன்னா பசங்க வேற வேலைக்கு போய்ட்டாங்க. அந்த மூணு வீட்லயும் நெய்யறவங்களுக்கு அறுவது வயசு தாண்டிடுச்சு. சினிமாவ பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, நல்லாவே எழுதறாங்க. பாவு பிணைக்கிறத, கஞ்சி எந்த பதத்துல இருக்கணும்ங்கறத, ஆடிக் காத்துல பாவு போட்டா என்ன ஆகும்ங்கறத ஒழுங்கா கேட்டு எழுதி வைக்க எங்க தெருவுல நான் தான் இருக்கேன். ஒரு பதிவுக்கு ரெண்டு மாசம் ஆகுது. எழுதினத எடுத்துட்டு போய் அவங்ககிட்டயே படிச்சு காட்டறேன், அவங்க சரின்னா தான் போடறேன். அதான் வருஷத்துக்கு 6.

போன ஞாயித்துக்கெழம பாப்பாவும் கூட வந்தா. அப்பாகூட ஒண்ணா தொழில் கத்துகிட்ட மாமா வீடு. ஃபோன புடிச்சு ரெக்கார்ட் பண்றது அவ வேலை, என்னைவிட ஆடாம புடிப்பா. மாமா விழுது கட்டறத சொல்லிட்டு இருந்தார், நடுவுல அவளே ஒரு கேள்வி கேட்டா, ஒரு விழுது அறுந்து போச்சுன்னா மொத்தத்தையும் கழட்டணுமா தாத்தான்னு. மாமா முகம் அப்படி மலந்துது. "இந்த கேள்விய உங்க தாத்தன் தான் மொதல்ல கேட்டான், எங்க வாத்தியார்கிட்ட"ன்னார். திரும்பி வரும்போது பஸ்ல சொன்னா, "ம்மா, என் வாய்ஸ் வர்ற எடத்த மட்டும் கட் பண்ணிடு". சரின்னேன். அவள பத்தி இங்க எழுதினத எல்லாம் போடறதுக்கு முன்னாடி அவகிட்ட படிச்சு காட்டிட்டேன், அந்த கேள்விய எழுத்துல வச்சுக்கன்னு சொல்லிட்டா.

மொத்தம் 38 நிமிஷம் இருக்கு. ரெண்டு ராத்திரியா கேட்டு எழுதிட்டு வர்றேன். அறுந்த விழுத எப்படி மாத்தறதுன்னு மாமா சொல்ற எடத்துல பக்கத்து வீட்டு விசைத்தறிய போட்டுட்டாங்க, ஒரு வார்த்தை சரியா கேக்கல. ஹெட்ஃபோன் மாட்டி நாலு தடவை கேட்டுட்டேன். நாளைக்கு காலையில ஒம்பது மணிக்கு மாமா தறிய விட்டு எழுந்து டீ குடிக்க வருவார், அப்போ ஃபோன் போட்டு கேக்கணும்.